வெள்ளிக்கிழமை உப்பு

இடது கையின் இரண்டு விரல்கள் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. ஏறிக்கொண்டிருந்தன என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. பல்லிகூட இதைவிட வேகமாகப் போகும், போகிற வழியில் ஒரு பூச்சியையும் பிடித்துத் தின்னும். தியாகேசன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு விரல், அப்புறம் அடுத்த விரல் என்று நகர்த்தி, மனைவி அகிலாண்டம் பென்சிலால் போட்டு வைத்திருந்த கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டினார். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் தேதி. கீழே இருந்தவை ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை வளர்கிற மாதிரி வளர்ந்திருந்தன. மேலே வரவர நெருங்கி, கடைசிப் பன்னிரண்டு நாளும் கோட்டின்மேல் கோடாக விழுந்து அந்த இடம் கறுத்துக் கிடந்தது. அதற்கு நாலு விரற்கடை மேலே சுவிட்ச் போர்டு. பயிற்சி கொடுக்க வரும் ஸ்டெல்லா, நல்ல பெண், எல்லா நோயாளியையும் அப்பா என்றும் அம்மா என்றும்தான் கூப்பிடும், போன வாரம் சொல்லிவிட்டுப் போயிருந்தது: "இந்தக் கையால நீங்களே ஃபேன் போடுற அன்னிக்கு எனக்கு ஜாங்கிரி வாங்கித் தரணும்ப்பா." ஜாங்கிரிக்கு என்ன, ஒரு பெட்டியே தரலாம். விரல் கறுப்புக்கு வந்து நின்றது. தோளுக்குள்ளே எதுவோ சண்டி மாடு மாதிரி காலை ஊன்றிக்கொண்டது. வலி இல்லை. வலி இருந்தாலும் தேவலை, வலிக்கிறது அதனால் ஏறவில்லை என்று ஒரு நியாயம் இருக்கும். இது வெறுமனே மாட்டேன் என்கிறது. மேலே ஃபேன் ஓடாமல் நின்றது, உறையூர் வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் கால்நீட்டிப் படுத்திருந்தது, மணி பத்தரை, வீட்டில் யாரும் இல்லை. அகிலாண்டம் போய்விட்டாள். திங்கட்கிழமையிலிருந்து அவரைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிட ஒரு ஆளை ஏற்பாடு செய்யப் போயிருக்கிறாள்.

எல்லாம் காலையில் சட்டை போடும்போது வந்த வினை. வழக்கம்போலத்தான் போட்டுவிட்டாள். ஆபரேஷன் செய்த கையை முதலில் விடணும், நல்ல கையை அப்புறம் விடணும், கழற்றும்போது மாற்றிச் செய்யணும் என்று ஸ்டெல்லா சொன்னதைக் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டு, பத்து வாரமாக அட்சரம் பிசகாமல் செய்கிறவள். அப்போதுதான் உள்ளே ஒரு 'டக்'. அது ஒன்றும் புதிதில்லை, உள்ளே இரும்பும் பிளாஸ்டிக்கும் இருந்தால் சத்தம் வரத்தான் செய்யும், பயப்படாதீங்க என்று டாக்டரே சொன்னதுதான். ஆனால் தியாகேசன் "ஆ" என்று கத்திவிட்டார். வலித்துக் கத்தவில்லை, பயந்து கத்தினார். பயத்துக்கும் வலிக்கும் வாய் ஒன்றுதானே, வெளியே நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும். அகிலாண்டம் சூடு பட்டதுபோல இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. சட்டை அவருடைய ஒரு கையில் மட்டும் தொங்க, அவள் தன் கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். "என் கை ராசி அப்படி" என்றாள். "ஒரு தடவை பட்டது போதும். இனிமே நான் தொடல." அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் அவருக்கு ஒன்பது வருஷ அனுபவம்.

விரலைக் கீழே இறக்கி, கையைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் ஆட்டினார். கிணற்று வாளி மாதிரி ஆடணும், நீங்க ஆட்டக் கூடாது, அதுவா ஆடணும் என்பது ஸ்டெல்லா பாடம். அதுவா ஆடியது. வேடிக்கைதான். பிறக்கும்போது கையின் உச்சியில் உருண்டையும் தோளில் குழியும் வைத்துத்தான் அனுப்புகிறான் கடவுள். இவருக்கு டாக்டர் அதைத் தலைகீழாக்கிவிட்டார். குழி இருந்த இடத்தில் உருண்டை, உருண்டை இருந்த இடத்தில் குழி. ஏன் டாக்டர் என்று கேட்டதற்கு, ஏற்கெனவே ரெண்டு தடவை திறந்த தோள், உள் தசையெல்லாம் நைஞ்சு போச்சு, சாதாரணமா மாத்தினா நிக்காது, இப்படி வச்சாத்தான் மேலே இருக்கிற பெரிய தசை கையைத் தூக்கும் என்றார். அந்தப் பெரிய தசை பிறந்ததிலிருந்து இந்த வேலையைத் தனியாகப் பார்த்ததில்லையாம், இப்போதுதான் கற்றுக்கொள்கிறதாம். அவர் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் கல்யாண சீசனில் பட்டுப் பிரிவு ஆள் லீவு போட்டுவிட்டால் லுங்கி துண்டு விற்கிறவனைக் கொண்டுவந்து மெத்தையில் உட்கார வைப்பார்கள், அவன் கோர்வைப் பட்டுக்கும் சாதாப் பட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் முழிப்பான், அந்த மாதிரி. பாவம் அந்தத் தசை. டாக்டர் கையெழுத்து வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்: "முதல் தடவை செய்றவங்களுக்கு வர்ற மாதிரி உங்களுக்கு வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வலி போகும். கை நெஞ்சு உசரம் வரும். அதுக்கு மேல வந்தா உங்க அதிர்ஷ்டம்." அகிலாண்டம் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது பக்கத்தில். வலது பக்கத்தில்தான் உட்காருவாள். பஸ்ஸில், சோபாவில், கோயில் வரிசையில், கட்டிலில், ஓசூரில் இருக்கும் பிள்ளையின் கல்யாணத்தில்கூட. போட்டோ பிடிக்கிறவன் அம்மா நீங்க ஐயாவுக்கு இடப்பக்கம் வாங்க, அதான் முறை என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தான். அவள் நகரவில்லை. அந்தப் படம் அதோ மாட்டியிருக்கிறது. இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் காலியாக, பின்னால் இருந்த பூ அலங்காரம்தான் தெரிகிறது.

ஒன்பது வருஷம். நினைக்கக்கூடாது என்று நினைக்கிற விஷயத்துக்குத்தான் மனசு நேரே போகும், புண்ணுக்குப் போக ஈக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. முதல் ஆபரேஷனில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஸ்டூலில் ஏறி மேல்தட்டுச் சேலைக் கட்டை இழுத்தார், கட்டும் அவரும் சேர்ந்தே வந்தார்கள், எலும்பு விட்டது, தகடு வைத்து ஸ்குரு முடுக்கினார்கள். கடையே ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனது. மூன்று வருஷம் கழித்து உள்ளே தசைநார் கிழிந்து இரண்டாவது. அதைத் தைத்துவிட்டு, மூணு மாசம் இந்தக் கை உங்க கையே இல்லைன்னு நினைச்சுக்கோங்க என்றார் அப்போதைய டாக்டர். அப்படி நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். தீபாவளி வந்தது. ஐந்தாவது வாரமே, சும்மா மெத்தையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு யோசனை சொல்கிறேன் என்று கிளம்பினார். அகிலாண்டம் வாசலில் குறுக்கே நின்று பார்த்தாள். போகாதீங்க, நீங்க சும்மா உக்கார மாட்டீங்க, உங்க கை சும்மா இருக்காது என்றாள். முப்பத்தெட்டு வருஷம் சேலை விரித்த கை எப்படிச் சும்மா இருக்கும். அன்றைக்கு ஒரு சனிக்கிழமை. பக்கத்து ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். ஒரு அம்மாவும் கல்யாணப் பெண்ணும் வந்து எதிரே உட்கார்ந்தார்கள். மடிப்பிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மடிப்பில் பார்த்தால் எந்தச் சேலைதான் சேலையாகத் தெரியும். கழுத்தில் தொங்கிய கைப்பட்டையைக் கழற்றி வைத்தார். இரண்டு முனையையும் விரலிடுக்கில் பிடித்தார், தோளிலிருந்து ஒரு சுண்டு, ஆறு கஜமும் காற்றை நிரப்பிக்கொண்டு எழும்பி வெள்ளை மெத்தையில் வந்து படிந்தது. அந்தப் பெண் வாயைத் திறந்தது. உடனே முந்தியை எடுத்துத் தன் இடது தோளில் போட்டுக் காட்டினார், இங்க பாரும்மா, முந்தி எப்படி விழுதுன்னு பாரு. அந்தத் தோளில்தான் எத்தனை ஊர்க் கல்யாணம் நடந்திருக்கிறது, மீசை வைத்த மணப்பெண் என்று கடையில் கேலி பண்ணுவார்கள். அப்போது உள்ளே நறுக் என்றது. வெள்ளரிக்காயை ஒடித்த மாதிரி. பெரிய வலிகூட இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்ததை வீட்டில் வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் சொன்னேனே கேட்டீங்களா என்பாள், அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு, ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். மறுநாள் சமயபுரம் பஸ். டிரைவர் திடீரென்று பிரேக் போட, நின்றுகொண்டிருந்த அகிலாண்டம் தடுமாறி, கைக்கு எட்டியது எதுவோ அதைப் பிடித்தாள். எட்டியது அவருடைய இடது கை. அவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. திங்கட்கிழமை படம் எடுத்துப் பார்த்துத் தையல் விட்டுப்போச்சு என்றார் டாக்டர், ஏதாவது இழுபட்டுதா என்று கேட்டார். தியாகேசன் வாயைத் திறந்தார். சத்தியமாகத் திறந்தார். அதற்குள் அவள் சொன்னாள்: "நான்தான் டாக்டர். பஸ்ல பிடிச்சு இழுத்துட்டேன்." டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு தும்மல் போடுகிற நேரம். இப்போது சொல்ல வேண்டாம், அழுகிறாள், ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த வெள்ளிக்கிழமை அவள் வெக்காளியம்மன் கோயிலுக்குக் கிளம்பினாள். அங்கே குறையைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டுவார்கள். எழுதிய சீட்டை அவரிடமே காட்டினாள், சரியா எழுதியிருக்கேனா பாருங்க என்று. 'தாயே, என் கையால் அவர் கை போச்சு. அது மேலே ஏறும்வரை வெள்ளிக்கிழமை எனக்கு உப்பு வேண்டாம்.' வாசித்தார். எழுத்தில் ஒரு பிழை இல்லை. சரியாத்தான் இருக்கு என்று மடித்துக் கொடுத்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தார், வலது கையை மட்டும் ஊன்றி. இடது கையை ஊன்றி எழுந்திருக்கவோ உட்காரவோ கூடாது, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகக் கூடாது, கழன்றுவிடும். கழன்றுவிட்டால்? அப்போதும் அவள்தான் தன்மேல் போட்டுக்கொள்வாள். அவர் தும்மிக் கழன்றாலும் நான்தான் மிளகாய் வறுத்தேன் என்பாள். அடேயப்பா, என்ன மாதிரி ஒரு பெண்பிள்ளை, என்ன மாதிரி ஒரு ஆம்பிளை. இந்த ஆபரேஷனுக்கு அவர் சம்மதித்ததே வலிக்காக இல்லை. வலி பழகிப்போயிருந்தது. கை மேலே ஏறிவிட்டால் அவள் விரதம் முடிந்துவிடும், அம்மன் கணக்குத் தீர்த்துவிடுவாள், தான் எதையும் சொல்லாமலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு குறுக்குவழி தெரிந்தது. கத்தியும் இரும்பும் மயக்க மருந்தும் தேவலை, வாயைத் திறப்பதுதான் கஷ்டம் என்று மூன்றாம் தடவையும் தோளைக் கொடுத்தவர் இந்த உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். முதல் ஆறு வாரம் நன்றாகத்தான் போனது. அவள் குளிப்பாட்டினாள். அக்குளில் ஈரம் தங்கக்கூடாது என்று துணியைச் சுருட்டிப் பூப்போல ஒற்றினாள். ஒன்பது வருஷமாக அந்தப் பக்கம் வராத கை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பச்சைக் குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டது. அவருக்குக் கண் கலங்கும், சோப்பு என்பார். அந்தக் கை திங்கட்கிழமையிலிருந்து வராது. யாரோ ஒரு ஆள் வருவார், கெட்டிக்காரராகவே இருப்பார், சட்டையை ஒழுங்காகவே மாட்டிவிடுவார். அவள் இந்தச் சாக்கில் எட்டிப் போனால் அப்புறம் திரும்ப மாட்டாள், அது அவருக்குத் தெரியும். கறுத்துக் கிடந்த கோட்டைப் பார்த்தார். பன்னிரண்டு நாளாக ஏறவில்லை, நெஞ்சு உயரத்துக்கு மேல் அதிர்ஷ்டம் என்று டாக்டர் சொன்ன அதிர்ஷ்டம் வரவேயில்லை என்றால் அவள் சாகும்வரை வெள்ளிக்கிழமைதோறும் உப்பில்லாத சோற்றைப் பிசைந்து பிசைந்து விழுங்கிக்கொண்டிருப்பாள். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். அடுக்களையில் மூடி வைத்த சாதம் இருக்கிறது. அவருக்கு வத்தக் குழம்பு, அவளுக்கு வெறும் பருப்பு.

கேட் சத்தம். செருப்பைக் கழற்றுகிற சத்தம். அகிலாண்டம் ஒரு கட்டு அரைக்கீரையோடு உள்ளே வந்தாள், ஃபேனைப் போட்டாள், வழக்கமான வழியில் சுற்றிக்கொண்டு வந்து நாற்காலிக்கு வலது பக்கம் நின்றாள்.

"பேசிட்டேன்" என்றாள். "திங்கக்கிழமை ஏழரைக்கு வர்றாராம். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்தவர். நல்ல மாதிரியாத்தான் தெரியுது."

"அகிலாண்டம், இந்தப் பக்கம் வா."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"எதுக்கு? வலிக்குதா? ஸ்டெல்லாவுக்கு போன் போடட்டுமா?"

"வலிக்கல. சரி, அங்கேயே நில்லு. பஸ்ல நீ இழுத்ததால தையல் விடல. அதுக்கு முந்தின நாளே கடையில விட்டுப்போச்சு. பட்டையைக் கழட்டிட்டுச் சேலையை விரிச்சேன். நறுக்குன்னு கேட்டுச்சு. நீ திட்டுவேன்னு சொல்லல. அப்புறம் சொல்ல முடியல."

சொல்லி முடித்ததும் எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தது. ஒன்பது வருஷம் தூக்கியதை அரை நிமிஷத்தில் இறக்கி வைத்தாயிற்று. அகிலாண்டம் கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தார். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் நன்றாக இருக்குமே என்று இருந்தது.

"என்ன சேலை?" என்றாள்.

"ம்?"

"விரிச்சீங்களே. என்ன சேலை?"

"மயில்கழுத்து. அரக்கு பார்டர். உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன புட்டா."

"வாங்கினாங்களா?"

தியாகேசன் தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல. வேற டிசைன் காட்டச் சொன்னாங்க."

அவள் அடுக்களைக்குப் போனாள். பாத்திரம் ஒன்று நங்கென்று விழுந்தது, இன்னொன்று அதைவிட நங்கென்று. அப்புறம் குழாய் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது, முகம் கழுவுகிறாள். அவர் எழுந்து, இடது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அடுக்களை வாசலில் போய் நின்றார். மேடையில் ஒரே ஒரு தட்டு இருந்தது, அவளுடையது. சாதமும் பருப்பும்.

"ஒம்பது வருஷம்" என்றாள், திரும்பாமல். "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எனக்கு எதிர்ல உக்காந்து ஊறுகாய் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டீங்களே. எப்படி இறங்குச்சு?"

"இறங்கல" என்றார். "ஆனா சாப்பிட்டேன்."

அது உண்மை. அவள் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது. திரும்பியபோது இரண்டும் இருந்தது.

"அந்த ஆளுக்கு நீங்களே போன் பண்ணி வேணாம்னு சொல்லுங்க. காரணம் கேட்டா ஏதாவது சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா."

"சொல்றேன்."

"இப்ப அந்த உப்பு டப்பாவை எடுங்க."

உப்பு டப்பா அலமாரியின் நடுத்தட்டில் இருந்தது. அவர் வலது கையை நீட்டினார்.

"அந்தக் கை இல்ல."

"இடது கையால சோத்துல உப்புப் போடுறதா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா?"

"அந்தக் கையாலதானே எனக்கு உப்பு போச்சு" என்றாள். "அதாலயே போடுங்க."

நடுத்தட்டு நெஞ்சுக்கும் மேலே இருந்தது. சுவரில் கறுத்துக் கிடக்கும் கோட்டைவிட ஒரு விரற்கடை உயரமாகவே இருக்கும், அவர் கண்ணாலேயே அளந்துவிட்டார். சொல்லலாமா, எட்டாது என்று சொல்லலாமா. சொல்லவில்லை, இது வேறு மாதிரிச் சொல்லாமல் இருப்பது. கையைத் தூக்கினார். அது வந்தது, வந்தது, வழக்கமான இடத்தில் காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. டப்பா ஒரு விரல் தள்ளி இருந்தது. ஸ்டெல்லா சொல்லித் தந்திருந்தது, முழங்கையை ஒருத்தர் கீழேயிருந்து தாங்கிக்கிட்டா மீதித் தூரத்தை அது தானா போகப் பார்க்கும்ப்பா, தூக்கிவிடக் கூடாது, தாங்கணும், அவ்வளவுதான். தாங்குவதற்கு இத்தனை நாளும் அவள் வலது பக்கத்திலிருந்து எக்கித்தான் வருவாள். அகிலாண்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். குளிப்பாட்டுவதும் சட்டை மாட்டுவதும் தவிர்த்து, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, அவருக்கு இடப்பக்கத்தில் வந்து நின்றாள். கழுவிய ஈரம் இன்னும் காயாத உள்ளங்கை முழங்கைக்கு அடியில் வந்து பட்டது. உள்ளே 'டக்' என்றது. அவர் கத்தவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.

டப்பா வந்தது. மூடியை அவள் திறந்தாள். அவர் இடது கையின் மூன்று விரலால் உப்பை அள்ளி, நடுங்கி நடுங்கி, பாதியை மேடையிலும் மீதியைச் சாதத்திலுமாகப் போட்டார். அவள் நின்றபடியே பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கை வலிக்க ஆரம்பித்துக் கீழே இறங்கிவிட்டிருந்தது.

"பத்தல" என்றாள் அகிலாண்டம், டப்பாவை எடுத்துப் பழையபடி நடுத்தட்டிலேயே வைத்துவிட்டு. "இன்னும் கொஞ்சம் போடுங்க."